ரூபி இல்லாத நாலு நாள்

"ரூபியைப் பிடிச்சுக் கொடு" என்றாள் ஹேரியட்.

லொரெய்ன் தயங்கினாள். எதிர்வீட்டு ஹேரியட்டை உதவிக்கு அழைத்தது அவள்தான். ஆனால் அழைத்தது பிஸ்கட்டுக்காக.

வீட்டில் இருப்பது ஐந்து கோழிகள். வெள்ளையாக, சாதுவாக இருப்பது பிஸ்கட். இப்போது அதன் முதுகில் ஓர் இறகுகூட இல்லை. தீனித் தொட்டியை நெருங்கினால் ரூபி கொத்தும். தண்ணீரை நெருங்கினாலும் கொத்தும். ரத்தத்தைப் பார்த்ததும் மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டன.

"பிஸ்கட்டை ரெண்டு வாரம் கராஜ்ல தனியா வெச்சு மருந்து போட்டேன்" என்றாள் லொரெய்ன். " புண்ணெல்லாம் ஆறிடுச்சு. திரும்ப விட்டா, அரை மணி நேரத்துல முன்னைவிட மோசம்."

"மோசமாத்தான் ஆகும். அடி வாங்கினவளையா வெளியே எடுப்பாங்க? ரெண்டு வாரத்துல மத்ததெல்லாம் அவளை மறந்துடும். திரும்பி வரும்போது அவ புது ஆளு. புது ஆளுக்கு இன்னும் நாலு கொத்து. அடிச்சவளை எடுக்கணும், லொரெய்ன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாலு நாள். என் வீட்டுல இருக்கட்டும். நீ பார்க்க வரக் கூடாது."

பின்னால் நின்ற லொரெய்னின் கணவன் க்ளைட், "கொடுத்துத் தொலை. இல்லேன்னா வெள்ளை பிழைக்காது" என்றான்.

ரூபியின் முட்டையைப் பல்பு வெளிச்சத்தில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைத்தவள் லொரெய்ன். குஞ்சாக இருந்தபோது அவளுடைய ஏப்ரன் பையில்தான் தூங்கும். பிடித்துக் கொடுத்தாள். ஹேரியட் அதைச் செய்தித்தாளை இடுக்கிக்கொள்வதுபோல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏப்ரல் மாதச் சேற்றில் சாலையைக் கடந்து போனாள்.

மறுநாள் தீவனக் கடையிலிருந்து வந்த க்ளைட் மூட்டையை இறக்கக்கூட இல்லை.

"ஹேரியட் கையிலயா கொடுத்தீங்கன்னு கடையில சிரிக்கிறாங்க. போன வருஷம் ஆறு கோழி வெச்சிருந்தாளாம். கொத்தினா வெட்டு. இப்ப ஒண்ணுகூட இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நாம வந்து ஆறு மாசம்தானே ஆகுது, நமக்குத்தான் தெரியல."

லொரெய்ன் செருப்பை மாற்றாமலே ஓடினாள். ஹேரியட் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூடு கதவு திறந்து காலியாகக் கிடந்தது. பக்கத்து மரக்கட்டையில் கோடாலி செருகியிருந்தது.

கதவைத் தட்டினாள். நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்..." என்றாள் லொரெய்ன்.

"நாலு நாள்னு சொன்னேன்ல? உன் குரல் கேட்டா அவ மறுபடியும் மகாராணி ஆயிடுவா. போ."

கதவு சாத்திக்கொண்டது.

"உயிரோட இருந்தா காட்டியிருப்பாளே" என்றான் க்ளைட், அவள் வீடு திரும்பியதும்.

"வாயை மூடு."

முற்றத்தில் பிஸ்கட் தொட்டியில் தலையை விட்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

"இவ நல்லா இருக்கறதைப் பார்த்து சந்தோஷப்படக்கூட பயமா இருக்கு, க்ளைட்."

நாலாம் நாள் மதியம் ஹேரியட் வந்தாள். கையில் துணிக்கூடை, அதன்மேல் ஒரு துண்டு. துண்டு அசைந்தது.

லொரெய்ன் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு. கொஞ்சாதே. கீழே விட்டுட்டுத் தள்ளி நில்லு."

ரூபி கூட்டின் வாசலில் நின்றது. புள்ளிக் கோழி வந்து ஒரு கொத்து வைத்தது. ரூபி பின்வாங்கியது. பிஸ்கட் தலையைத் தூக்காமல் தின்றது. அது தின்று முடிக்கும் வரை ரூபி காத்திருந்தது. பிறகு மெதுவாகத் தொட்டிக்கு வந்தது.

"தேவதை மாதிரி திரும்பி வந்திருக்காளே!" என்றான் க்ளைட். "என்னம்மா செஞ்சீங்க அவளை?"

"ஒண்ணும் செய்யலே. சமையலறையில நாய்க்கூண்டுல இருந்தா. நான் ரேடியோ கேட்டேன், அவளும் கேட்டா."

லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, ஹேரியட்."

"நன்றி நான்தான் சொல்லணும்."

ஹேரியட் கோழிகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மில்லின்னு ஒருத்தி வெச்சிருந்தேன். உன் பிஸ்கட் மாதிரிதான். அவளைக் கொத்துறாளேன்னு ஒருத்தியை வெட்டினேன். மறுநாளே அந்த வேலையை அடுத்தவ எடுத்துக்கிட்டா. அவளையும் வெட்டினேன். இப்படியே அஞ்சு பேரையும். கடைசியில மில்லியைக் கொத்த ஆளில்லே. பக்கத்துல உட்காரவும் ஆளில்லே. தீனியே எடுக்கலே. மூணு வாரத்துல போயிட்டா."

துண்டை மடித்துக் காலிக் கூடையில் போட்டாள்.

"கொத்துறவளை நாலு நாள் தனியா வெச்சாலே போதும்னு அப்புறம்தான் கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டு என்ன பண்ண? நான் வர்றதைப் பார்த்தாலே இந்த ஊர்ல கோழியையெல்லாம் உள்ளே அடைக்கிறாங்க. நீ என் கதையெல்லாம் தெரிஞ்சும் என்னை நம்பி ஒருத்தியைக் கொடுத்தியே..."

"அது வந்து, ஹேரியட், அப்போ எங்களுக்கு..." என்று க்ளைட் ஆரம்பித்தான்.

லொரெய்ன் அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

"தெரிஞ்சுதான் கொடுத்தோம்" என்றாள்.