புது வேலை

உலகப் போர் முடிந்த சமயம், ரஷ்யாவின் யூரல் மலைப் போர்க்கைதி முகாமில் ஹங்கேரியக் கேப்டன் போத்னாரைக் கூப்பிட்டு ரகசியப் போலீஸ்காரன் குரோபோவ் இறைச்சி சூப் ஊற்றினான். சும்மா ஊற்றுவானா?

“உங்க ஆளுங்க பேசுறத எங்கிட்ட சொல்லு. முதல் ரயில்ல வீட்டுக்குப் போ. மாட்டேன்னா சுரங்கம்தான்.”

தான் போருக்கு வந்த பிறகு பிறந்த மகளைப் போத்னார் இன்னும் பார்த்ததேயில்லை. கையெழுத்துப் போட்டார்.

“பொழைக்கத் தெரிஞ்ச ஆளுய்யா நீ!” என்று குரோபோவ் சிரித்தான்.

மறுநாள் காலை, கைதிகளான ஹங்கேரிய அதிகாரிகள் பனியில் வரிசையாக நின்றார்கள். போத்னார் முன்னால் வந்து, கைதியாயிருந்த தன் கர்னலுக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார்.

“ஐயா! புது வேலை கிடைச்சா மேலதிகாரிகிட்ட சொல்லணும்ல? நேத்துலேர்ந்து நான் குரோபோவோட ஒற்றன். என் முன்னால யாரும் வாயத் திறக்காதீங்க!”

காவலர்களோடு நின்றிருந்த குரோபோவின் முகம் செத்துவிட்டது. காவலர்கள் போத்னாரைச் சுரங்க லாரிக்கு இழுத்துப் போனார்கள்.

அவர் போகிற திசையில் கர்னல் திரும்பி நின்று சல்யூட் அடித்தார். தனக்குக் கீழான கேப்டனுக்குக் கர்னல் முந்திக்கொண்டு சல்யூட் அடித்து அங்கே ஒருவரும் பார்த்ததில்லை.