பின்னால் வந்த செல்லப்பன்

"என்ன செல்லப்பா, ஆமை மாதிரி நடக்கிறே? துணைக்கு வந்தவன் நீயா, நானா?"

லேடாங் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சதாசிவம் வாத்தியார் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"வர்றேங்கய்யா. நீங்க புஜாங்கை ஒட்டியே போங்க. நிக்காதீங்க" என்றான் செல்லப்பன், பத்தடி பின்னாலிருந்து.

முன்னால் கொடிகளை வெட்டி வழி பண்ணிக்கொண்டு போனான் புஜாங். அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜக்கூன் இனத்து ஆள்.

சதாசிவம் மாயவரத்தில் பூகோள வாத்தியார். இருபது வருஷமாகப் படத்தில்தான் மலையைக் காட்டிப் பாடம் நடத்தினார். ஒரு மலையாவது ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று கோடை விடுமுறைக்குக் கப்பலேறி மலாயாவின் ஜொகூருக்கு வந்துவிட்டார். மலையடியில் தங்காக் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மீரா சாகிபுதான் இந்த இரண்டு பேரையும் கூட அனுப்பினார். செல்லப்பன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். மலாய் பேசுவான், சமைப்பான்.

நேற்று ஏறும்போது என்ன கலகலப்பு! வாத்தியார் பக்கத்திலேயே நடந்தான். "அதோ இருவாட்சிங்கய்யா, ஜோடியாத்தான் பறக்கும்" என்றான். பூச்சி தின்னும் குடுவைச் செடியைக் காட்டினான். அடிவாரத்தில் புஜாங் வெற்றிலை வைத்து ஏதோ முணுமுணுத்தபோது, "உன் வீட்டுக்குள்ள வர்றோம், கோவிச்சுக்காதேன்னு காட்டுக்கிட்ட கேக்குறான்" என்று தமிழில் சொன்னான். இன்று காலை உச்சியில் நின்று, மேகம் விலகி மலாக்காக் கடல் தெரிந்தபோது வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கும் வழியில், ஓடையில் தண்ணீர் பிடித்த பிறகுதான் செல்லப்பன் மாறிப்போனான்.

"அது என்ன சத்தம்? குரங்கா?"

செல்லப்பன் காதில் வாங்காமல் பின்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அந்த அருவியில ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்."

"வேணாங்கய்யா."

"ஏன்? உனக்குக் கால் வலியா?"

"ஆமாங்கய்யா. முட்டி வலி."

"அப்ப நீ முன்னால போ. நான் மெதுவாப் பின்னால வர்றேன்."

"சொன்னாக் கேளுங்க! நடங்க!"

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. மரம் வெட்டுகிறவன் அதட்டுகிறான்! 'வேலை முடிஞ்சதும் மரியாதையும் முடிஞ்சுபோச்சு' என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் தங்காக் வந்து சேர்ந்தார்கள். செல்லப்பன் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கிணற்றுக்குப் போனான். மீரா சாகிபு சூடாகத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"சாகிபு, உங்களை நான் உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன். என் வாழ்நாள்ல இப்படி ஒரு காட்சி பார்த்ததில்லை" என்றார் வாத்தியார். தம் கம்பளிச் சால்வையை எடுத்துப் புஜாங்கின் தோளில் போர்த்தினார். "பாஷை புரியாட்டியும் தங்கமான மனுஷன்!"

"ரொம்பச் சந்தோஷம். அப்படியே செல்லப்பனுக்கும் உங்க கையால ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க வாத்தியாரய்யா. அடுத்த மாசம் தொரைமார் மலையேற வர்றாங்க. அதைக் காட்டினா அவனையே கூட்டிட்டுப் போவாங்க."

"எழுதறேனே!" என்று காகிதத்தை எடுத்தார் வாத்தியார். "இவன் சோம்பேறி, பொய் சொல்றவன், யாரும் நம்ப வேண்டாம்னு எழுதறேன்."

சாகிபு திடுக்கிட்டார். "செல்லப்பனையா சொல்றீங்க?"

"ஓடையிலிருந்து அடிவாரம் வரைக்கும் என் பின்னாலயே நத்தையா வந்தான். முட்டி வலியாம். இப்பப் பாருங்க, சட்டி பானையைத் தூக்கிட்டு விறுவிறுன்னு போறான்."

எழுதத் தொடங்கியவரைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சாகிபு புஜாங்கிடம் மலாயில் ஏதோ கேட்டார். புஜாங் கோப்பையைக் கீழே வைத்தான். தாழ்ந்த குரலில் நீளமாகச் சொன்னான். சாகிபுவின் முகம் மாறிப்போயிற்று.

"என்ன சொல்றான்?"

"ஓடைக்கரையில புலித் தடம் பார்த்திருக்காங்க. ஈரம்கூடக் காயலையாம். காட்டுக்குள்ள அது பேரை வாயால சொல்லக் கூடாதுங்கிறது இவங்க வழக்கம். உங்களுக்குத் தெரிஞ்சா பயந்து ஓடுவீங்க, ஓடினா ஆபத்துன்னுதான் செல்லப்பனும் மூச்சு விடலை."

வாத்தியார் பேனாவை மூடினார். "அதுக்கு... அவன் ஏன் பின்னால நடக்கணும்?"

"புலி நேருக்கு நேர் வராது வாத்தியாரய்யா. வரிசையில கடைசியா வர்றவன் மேலதான் பாயும்."

வாத்தியார் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினார்.

கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த செல்லப்பன் பதறி எழுந்தான்.

"வழியில உங்களை அதட்டிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கய்யா."

வாத்தியார் வாளியை எடுத்துக் கிணற்றில் விட்டுத் தண்ணீர் இறைத்தார். செல்லப்பனின் சேறு படிந்த கால்களில் தாமே ஊற்றினார்.

"ஐயா, என்ன இது..."

"உட்காருங்க, செல்லப்பன்" என்றார்.