சுபேதாரின் கிளாஸ்

"ஊதுங்க."

"அடியே, நான் உன் புருஷன்டி. டிராஃபிக் போலீஸ் மாதிரி நிக்கிறியே!" என்றான் அசோக். ஆனாலும் ஊதினான். பவ்யாவுக்குக் காபி வாசனைதான் வந்தது.

"படையலுக்கு முன்னாடி ஓகே. அப்புறமும் ஊதணும்."

மாமனார் சுபேதார் ஏகாம்பரம் போய்ச் சேர்ந்ததிலிருந்து, ஆவடி வீட்டில் ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர் படத்துக்கு முன்னால் படையல். வடை, பாயசத்தோடு மிலிட்டரி கேன்டீன் ரம்மும் ஒரு கிளாஸ் வைத்தாக வேண்டும் என்பது அத்தை கோமளாவின் கண்டிப்பு. "சாயங்காலமானா பாட்டிலோடதானே ரூமுக்கு வருவாரு. இப்ப பச்சைத் தண்ணியா வைக்கிறது?"

மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கிளாஸ் காலியாகியிருக்கும். "அவரே வந்து குடிச்சிட்டாரு" என்று அத்தை கும்பிடுவாள். பவ்யா கும்பிடவில்லை. ஒவ்வொரு முறையும், "காக்காவுக்குத் தண்ணி மறந்துட்டேன்" என்று முதலில் கீழே ஓடுவது அசோக்தான்.

"இன்னிக்கும் காலியாச்சுன்னா நான் பாரிவாக்கத்துக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். குடிகாரனோட குடும்பம் நடத்த எனக்குத் தெம்பில்ல."

அசோக்கின் முகம் சிறுத்துப்போனது. "அப்பா குடிக்கிறாருன்னு வெட்கப்பட்டு ஒரு ஃப்ரெண்டைக்கூட வீட்டுக்குக் கூட்டினு வந்ததில்லடி நான். நானா அதைத் தொடுவேன்?"

பவ்யா நம்பவில்லை. ஆனால் மாமாவை நினைத்தால் அவளுக்கே மனசு இளகும். சாயங்காலம் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டு வெளியே வந்ததும், நேராகப் பேத்தியைத் தோளில் போட்டுத் தூங்கவைப்பார். நடை தள்ளாடாது, பேச்சு குழறாது. வாடைக்குக் குழந்தை ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பட்டாளத்து ஒழுங்கு என்றுதான் பவ்யா நினைத்திருந்தாள்.

படையல் போட்டாயிற்று. "முட்டி வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்று அத்தை வழக்கம்போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

மாடிச் சுவரில் சோற்றை வைத்ததுமே அசோக் தலையைச் சொறிந்தான். "தண்ணி..."

பவ்யா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "நான் எடுத்தாரேன். நீங்க காக்காவைக் கூப்பிடுங்க."

மேலே "கா... கா..." என்ற கணவனின் குரல் கேட்டுக்கொண்டிருக்க, கீழே வந்து கதவைத் தள்ளினாள்.

படத்துக்கு முன்னால் அத்தை நின்றிருந்தாள். ஒரு கையில் காலிக் கிளாஸ். மறு கையில் கிராம்பு.

"அத்தை! நீங்களா?" பவ்யாவுக்குக் கோபம் பொங்கியது. "மாமா தான் கெட்டதுமில்லாம, உங்களையும் பழக்கிட்டுப் போயிட்டாரா?"

"அவரை ஒண்ணும் சொல்லாதே!" அத்தை இத்தனை வேகமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "வடக்கே குவார்ட்டர்ஸ்ல அசோக்கைப் பெத்துட்டுக் கிடந்தேன். குளிர் ஜுரம். மருந்துன்னு பக்கத்து வீட்டம்மா ஒரு மூடி ஊத்திக் குடுத்தாங்க. அதுலேர்ந்து விட முடியல."

"அப்போ மாமா?"

படத்துக்குள் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தவரை அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியது.

"பேரு மட்டும்தாம்மா அவருது. குடிச்சது பூரா நான்."