கேப்டன் மின்னல்

“தலையில ஒத்த முடி இல்ல, இவரைப் போய் சுருட்டைன்னு கூப்பிடுறீங்களே!”

மரிசெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிலிப்பைன்ஸிலிருந்து ஆஸ்திரேலியாவின் இந்தக் கோதுமைக்காட்டு ஊருக்கு நர்ஸாக வந்து மூன்று மாதம். தீயணைப்புத் தொண்டர் படையில் சேர்ந்து ஒரு வாரம்.

சுருட்டையும் சேர்ந்து சிரித்தார், மொட்டைத் தலையில் சீப்பு ஓட்டுவதுபோல் பாவனை செய்தபடி.

விளக்கம் சொல்லும் பொறுப்பைக் கேப்டன் கிளைவ் காஃப்னி எடுத்துக்கொண்டார். அந்தப் பொறுப்பு எங்கே கிடந்தாலும் அவர்தான் எடுத்துக்கொள்வார். ஆண்டுக் கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. கூட்டத்தின் முக்கிய அலுவல் கேப்டன் தேர்தல். தேர்தல் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு. பத்தொன்பது வருடமாக அவரை எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. ஊரின் அன்பு அப்படி என்பார்.

“எங்க ஊர்ல பட்டப்பேருன்னா தலைகீழாத்தான் வைப்போம்மா. அதோ, கூரையில இடிக்கிற மாதிரி நிக்கிறானே, அவன் பொடியன். மூலையில இருக்கிறவன் வாயாடி. கல்யாணத்துல பாதிரியார் கேட்டதுக்கே தலையைத்தான் ஆட்டினான்.”

“வாயைத் திறந்து மாட்டேன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பான்,” என்றான் பொடியன், சாசேஜ்களைப் புரட்டியபடி.

தீயணைப்புக் கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. வாயாடி தலையை ஆட்டினான்.

“மனுசங்களைப் படிக்கத் தெரியணும் மரிசெல். படையை நடத்துறதுல பாதி வேலை அதுதான்,” என்றார் கிளைவ்.

“சரி, உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க கேப்டன்?”

இதற்காகவே காத்திருந்தவர்போல் அவர் தொப்பியைத் திருப்பிக் காட்டினார். பொன்னிற நூலில் பட்டப்பெயர் தைத்திருந்தது. அதே பெயர் அவருடைய வண்டியின் நம்பர் பிளேட்டிலும் உண்டு, வாசல் தபால் பெட்டியிலும் உண்டு.

“மின்னல்.”

மரிசெல் மறுபடி சிரித்தாள். இப்போதுதான் கற்ற கணக்கைத் தானே போட்டுவிட்ட சிரிப்பு.

“அய்யோ கேப்டன், அவ்வளவு மெதுவா நீங்க!”

வேறு யாரும் சிரிக்கவில்லை.

பொடியன் புரட்டிய சாசேஜையே மறுபடி புரட்டினான். சுருட்டைக்குத் திடீரென்று பூட்ஸ் கயிறு கட்ட வேண்டியிருந்தது.

“இல்லம்மா, என்னோடது மட்டும் நிஜம்,” என்றார் கிளைவ்.

“ஆமா, ஆமா,” என்று நான்கைந்து குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. அதில் வாயாடியின் குரலும் இருந்தது.

அதுதான் அவரைக் குத்தியது.

முதன்முதலில் அவரை மின்னல் என்றது எப்போது? மேற்குப் பண்ணை எரிந்ததற்கு மறுவாரம். அன்று தீயணைப்பு வண்டியை ஓட்டியவர் அவர். பாதி வழியில் நிறுத்திக் குழாயைச் சரிபார்த்தார். தண்ணீரைச் சரிபார்த்தார். வரைபடத்தை விரித்தார். காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்த்தார். பதற்றப்படாத தலைமை என்று பிறகு எத்தனை பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்! போய்ச் சேர்ந்தபோது வீட்டில் புகைபோக்கி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

மறுவாரம் பப்புக்குள் நுழைந்ததும் யாரோ, “வாய்யா மின்னல்!” என்றார்கள். நெகிழ்ந்துபோய் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதமே கேப்டனாக்கினார்கள். உங்க அனுபவத்துக்கு வண்டியில ஏறி அலையணுமா, கொட்டகையில உக்காந்து வயர்லெஸ்ஸைப் பாத்துக்கிட்டா போதாதா என்றார்கள். அன்றிலிருந்து அவர் வண்டியில் ஏறியதே இல்லை.

ஏற விட்டதே இல்லை என்று இப்போது தோன்றியது.

செயலாளர் நோரின் மேசையைத் தட்டினாள். எல்லா வருடமும்போல அவர் பெயரை அவளே முன்மொழிந்தாள். கைகள் உயர்ந்தன. மற்றவர்களைப் பார்த்துவிட்டு மரிசெல்லும் தூக்கினாள். ஒரு கைகூடக் கீழே இல்லை.

கிளைவ் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த முறை நன்றி சொல்ல அவர் எழுந்திருக்கவில்லை.

“நான் வேணா இந்தத் தடவை விலகிக்கிட்டு...”

“வேண்டாம். வயர்லெஸ் பக்கத்துலயே இருங்க, கிளைவ்,” என்றாள் நோரின். குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை.

ஊரிலேயே அவரை ஒருநாளும் மின்னல் என்று அழைக்காதவள் அவள் ஒருத்திதான். மரியாதை என்று நினைத்திருந்தார்.

அன்று எரிந்த அந்த மேற்குப் பண்ணைவீட்டுக்குள் சிக்கியிருந்தவர் அவளுடைய அப்பா.