கிளிக்கு இருமல்

கூண்டைத் தரையில் வைத்தால், டாக்டருக்காகப் பக்கத்தில் காத்திருந்த நாய் முகர்ந்தது. மடியில் வைத்தால் அவள் கால் ஆடிய ஆட்டத்தில் கிளி தள்ளாடியது.

எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

கிளிக்குப் பார்க்கிற டாக்டரைக் கண்டுபிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் நாயும் பூனையும்தான். அதற்கடுத்து ஒரு மாட்டு டாக்டர். கூண்டைப் பார்த்ததும் சிரித்தே அனுப்பிவிட்டார். கடைசியில் தீவனக் கடைக்காரர் கைகாட்டியதுதான் இந்த டாக்டரம்மா. வீட்டிலிருந்து ஒரே பஸ். இனி கிளிக்கு எதுவென்றாலும் இங்கேதான் என்று வாசலிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

கிளி செத்துப்போனால் அவளுக்கு வீட்டில் பேச்சுத் துணை கிடையாது.

தையல் கம்பெனியில் அவளுக்குப் பகல் வேலை. புருஷனுக்கு குடோனில் ராத்திரிக் காவல். சாவி கைமாறுகிற நேரம்தான் குடும்பம். சமீபமாக லீவு நாளிலும் ஓவர்டைம் என்று கிளம்பிவிடுகிறான். பகலில் அவனும் கிளியும், இரவில் அவளும் கிளியும்.

இருமல் ஆரம்பித்தது மழைக்காலத்தில். விளக்கை அணைத்ததும் தொண்டை கிழிகிற மாதிரி இருமும். அவள் அலறியடித்துக்கொண்டு ஓடி, என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு என்று கூண்டைத் தட்டுவாள். கிளி உடனே வாயை மூடிக்கொள்ளும்.

அவனுக்கு இதில் அக்கறையே இல்லை. கிளிக்கு டாக்டரா, ஊர் சிரிக்கும் என்றான். போன வாரம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தத் தொல்லையை உங்க அக்கா வீட்டில் தள்ளிவிடு என்றான். இத்தனைக்கும் பகலெல்லாம் அதனோடு உட்கார்ந்து கதையளக்கிறவன்.

கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கூப்பிட்டார். கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்து மூக்கு, தொண்டை, நெஞ்சு என்று நிதானமாகப் பார்த்தார். அந்த நிதானமே அவளுக்குப் பொறுக்கவில்லை. மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கிளியைத் திரும்பக் கூண்டில் விட்டுவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, எடைதான் ஏறிக் கிடக்கிறது, பழத்தைக் குறையுங்கள் என்றார்.

அவள் பழமே கொடுப்பதில்லை. அவனுக்கென்று திராட்சை வாங்கி வைப்பாள். சாயங்காலம் பார்த்தால் காலியாகியிருக்கும். சோற்றைத் தொட்டும் தொடாமலும் எழுந்துவிடுகிறவன் இதையாவது தின்கிறானே என்று இருந்தது அவளுக்கு.

அப்போது கிளி இருமியது.

அவள் கூண்டின் மேல் பாய்ந்தாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரும்மா. அது முடிக்கட்டும்."

முதல்முறையாக அதன் இருமலில் யாரும் குறுக்கே விழவில்லை. அது இருமிக்கொண்டே போனது. நடுவில் மூச்சுக்குத் திணறியது. காறியது. பிறகு, யாரோ கட்டிலில் சாய்கிற கிறீச் சத்தத்தையும் போட்டது.

"இது கிளியோட இருமல் இல்லம்மா. கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டது. வீட்ல யாருக்கு இருமல்?"

யாருக்கும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

கிளி முந்திக்கொண்டது. அவள் புருஷனின் குரலில், கம்பியோடு வாயை ஒட்டி வைத்துப் பேசுகிறவனைப் போல, மெதுவாக:

"அவகிட்ட சொல்லிடாத, என்ன?"

சொல்லிவிட்டு, கம்பிக்கு வெளியே அலகை நீட்டிக்கொண்டு, திராட்சைக்காகக் காத்திருந்தது.