யங்கா, ஏஜ்டா?

“யாருக்குங்க ஐயா, யங்கா, ஏஜ்டா?” என்று புடவைக் கடைப் பெண் கேட்டாள்.

“யங்குதாம்மா. எம்பொண்ணுக்கு,” என்றார் தணிகாசலம்.

அவள் விரித்துப் போட்டவற்றில் கிளிப்பச்சையைக் கட்டித் தரச் சொன்னார். அதற்குள் மருமகன் மறுபடி போனில் கத்தினான். “பொறந்த வீட்டுக் கோடிப் புடவ வராம பாடிய எடுக்க முடியாதாம். அங்க என்ன பண்றீங்க?”

தணிகாசலம் போனை அணைத்தார்.

“ஏஜ்டுலயும் ஒண்ணு காட்டும்மா.”

அவள் சாம்பல் நிற நூல் புடவையொன்றை எடுத்து வந்தாள். அவர் அதன் தலைப்பைத் தன் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, அதற்கு மேலே நரைத்த தலை ஒன்றைத் தேடுபவர்போல் வெகுநேரம் பார்த்தார்.

“இதையும் பில் போடவாங்க ஐயா?”

மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“வேணாம்மா. அந்த வயசு வரைக்கும் அவள எங்க விட்டாங்க?”