நெஞ்சுவலிக்காரர்

“என்னை ஒரு வார்த்தை கேக்காம, செத்தவர் பொண்டாட்டிய வீட்டுக்கு வாங்கன்னு எப்படிச் சொல்லலாம்?”

காலையிலிருந்து அம்மா ஒரு எழுத்து மாறாமல் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவும் ஒரு எழுத்து மாறாமல் பதில் சொன்னார்.

“அவங்களா போன் பண்ணினாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது?”

“வாயால சொல்றது! பொண்ணு ஏற்கெனவே பாதி உயிராக் கிடக்கிறா. மீதியையும் வாங்கிட்டுப் போகத்தான் வர்றாங்க. ஊர்ல பொண்ணுங்க பாட்டு கத்துக்குது, படம் வரையுது. உங்க பொண்ணுக்குத்தான் தண்ணிக்கு அடியில போய் மூச்சு விடணும்!”

மகள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஸ்கூபா டைவிங் பயிற்சியில் அந்த விபத்து நடந்த நாளிலிருந்து அப்படித்தான். சோறு இறங்கவில்லை. குழாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொண்டாள். மீன்தொட்டியில் குமிழி விடும் சத்தம்கூட ஆகவில்லை. அப்பா தொட்டியோடு மீன்களைப் பக்கத்து வீட்டில் குடிவைத்துவிட்டு வந்தார்.

அழைப்பு மணி அடித்தது.

வந்தவள் சின்ன உருவம். தோளில் அலுவலகப் பை.

அம்மா “வாங்க” என்றாள், “போங்க” என்பது போல.

“பொண்ணைப் பார்க்கலாமாக்கா?”

“அவளுக்கு உடம்பு சரியில்ல. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க.”

அதற்குள் மகளே எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் ஆன்ட்டி.”

“வாயை மூடுடி!”

“இல்லம்மா, சொல்லணும். எங்களை ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்திருந்தாங்க. குதிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் சிலிண்டரை இன்னொருத்தர் பார்க்கணும். அங்கிள் ஏதோ ஜோக் சொன்னார். சிரிச்சுக்கிட்டே அவரோட வால்வைத் திருகினேன். திறக்கிறதா நினைச்சு மூடிட்டேன். இத்தனூண்டு திறந்திருந்ததால படகுல நல்லாத்தான் மூச்சு வந்துச்சு. கீழ போனதும் காத்து பத்தல. எந்தப் பக்கம் திருகினேன்னு என் கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கு ஆன்ட்டி.”

“அதெல்லாம் பிரமை!” என்றாள் அம்மா.

வந்தவள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

“அவருக்கு நெஞ்சுவலி உண்டும்மா.”

மகளைக் கைபிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“தண்ணிக்குள்ள இறங்கவே கூடாதுன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டார். உங்ககிட்டயெல்லாம் மறைச்சுட்டார். காத்தும் காரணமில்ல, வால்வும் காரணமில்ல. நெஞ்சுதான் நின்னுபோச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“நிஜமாவா ஆன்ட்டி?”

“புருஷன் விஷயத்துல யாராவது பொய் சொல்வாங்களா?”

மகள் அவள் மடியில் விழுந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, பசிக்குது” என்றாள்.

அம்மா சமையலறைக்குப் பறந்தாள். ஒரு கை அடுப்பில், ஒரு கை போனில்.

“கேட்டியாடி?” என்றாள் தங்கையிடம். “அந்த ஆளே நெஞ்சுவலிக்காரனாம்! மறைச்சு வச்சு இறங்கியிருக்கான். பொண்டாட்டியே வந்து சொல்றா. நம்ம பொண்ணு மேல ஒரு தூசி தப்பு இல்ல. எல்லாருக்கும் சொல்லிடு!”

தங்கையை நம்பாமல், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் குடியிருப்புக் குழுவிலும் தானே பேசி அனுப்பினாள். மகளைப் பற்றித் தப்பாகப் பேசின நாக்கையெல்லாம் அறுத்தது போல இருந்தது.

மகள் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். மகள் காதைப் பொத்தவில்லை. சாப்பிட்ட கையோடு சோபாவிலேயே தூங்கிப்போனாள்.

“நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்களேன்” என்றாள் அம்மா. இப்போது குரலில் தேன்.

“கீழே நாத்தனார் கார்ல உட்கார்ந்திருக்காக்கா. இன்னொரு நாள்.”

அம்மா வழியனுப்பக் கூடவே இறங்கினாள். கார்க் கண்ணாடி வழியாகக் குனிந்து ஆறுதலும் சொன்னாள்.

“உங்க அண்ணன் நெஞ்சுவலியை மறைச்சிருக்க வேண்டாம்மா. கூட இருக்கிறவங்க கதி என்ன ஆகும்னு யோசிச்சிருக்கணும். சரி, போனவரைச் சொல்லி என்ன பண்ண.”

நாத்தனார் விறைத்து நிமிர்ந்தாள். “யாருக்கு நெஞ்சுவலி? எங்க அண்ணனுக்கா? இதயத்துல ஒரு குறையும் இல்லன்னு போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டரே சொன்னாரே! வால்வுதான் மூடியிருந்துச்சு. அண்ணி, நீங்களும் பக்கத்துல நின்னுதானே கேட்டீங்க?”

வந்தவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

“திட்டத்தான்க்கா வந்தேன். வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கிட்டே வந்தேன். உங்க பொண்ணு கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னா பாருங்க, அப்புறம் வாயில அதுதான் வந்துச்சு.”

அம்மாவின் கையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

“ஆனா, மறைச்சுட்டுப் போய்ச் செத்தான்னு அவரை நாலு பேர் பேசக் கூடாதுக்கா. ஒளிவுமறைவே தெரியாத மனுஷன். இது உங்க வீட்டோட நிக்கட்டும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.”